வாரண்டி உள்ள சொகுசுக் காரில் எஞ்சின் ட்யூனிங்: கம்பெனிக்குத் தெரியுமா என்பதல்ல, செலவு யார் தலையில் என்பதே கேள்வி

காரைக்குடியிலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்: பி.எம்.டபிள்யூ 330 எல்.ஐ. பெட்ரோல் செடான் வாங்கி ஓராண்டு ஆகிறது. கோயம்புத்தூரில் உள்ள ட்யூனர் ஒருவர் ‘ஸ்டேஜ் 1’ ரீமேப் (எஞ்சின் கணினியின் மென்பொருளை மட்டும் மாற்றி எழுதும் முதல் நிலை ட்யூனிங்) செய்தால் 258 குதிரைத்திறன் 310 ஆகவும், 400 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை 490 ஆகவும் உயரும் என்கிறார். சர்வீஸுக்குப் போகும்முன் பழைய மென்பொருளையே திரும்ப ஏற்றிக் கொடுத்துவிடுவதால் கம்பெனிக்குத் தெரியவே தெரியாது என்றும் உறுதி சொல்கிறார். கோலாலம்பூரில் இருக்கும் அண்ணன் மகன் இதே மாடலில் இதைச் செய்து ஓட்டிக்கொண்டிருக்கிறான், அவன் ஒரு ட்யூனிங் பெட்டியையும் வாங்கி அனுப்பியிருக்கிறான். செய்யலாமா, வாரண்டி போய்விடுமா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாரண்டி முடியும்வரை செய்ய வேண்டாம். ‘ரீமேப் செய்தவுடன் மொத்த வாரண்டியும் ரத்து’ என்று ஒரு சாராரும், ‘ஒன்றும் ஆகாது, எல்லாரும் செய்கிறார்கள்’ என்று மறு சாராரும் சொல்வதில் இரண்டுமே முழு உண்மை அல்ல. ஆனால் எஞ்சினிலோ கியர்பாக்ஸிலோ பெரிய பழுது வந்தால், அது ட்யூனிங்கால் வரவில்லை என்று காட்டும் சுமை நடைமுறையில் தங்கள் மேல் விழும்; அதற்கு எதிரான சான்று தங்கள் காரின் கணினியிலேயே இருக்கும். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறவர் யாராக இருந்தாலும் என் முடிவுக்கே வருவார் என்று நினைக்கிறேன். காரணங்களைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் ட்யூனர் சொல்வதில் எது சரி, எது பாதி சரி என்று தெரிந்தால்தான் தாங்களே தீர்மானிக்க முடியும்.

அவர் சொல்வதில் சரியான பகுதி இது. இன்றைய டர்போ எஞ்சினில் எவ்வளவு காற்றை அழுத்தி உள்ளே அனுப்புவது, எவ்வளவு பெட்ரோல் பீய்ச்சுவது, எந்த நொடியில் பொறி வைப்பது என்பதையெல்லாம் ஈ.சி.யூ. என்ற கணினிதான் முடிவு செய்கிறது. அதிலுள்ள எண் அட்டவணைகளை மாற்றி, டர்போ காற்றை அழுத்தும் பூஸ்ட் அழுத்தத்தை உயர்த்தி, பொறி வைக்கும் நேரத்தை முன்னுக்குத் தள்ளி, முறுக்குவிசைக்கு வைத்திருக்கும் உச்சவரம்புகளைத் தளர்த்தினால், ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாமல் சக்தி கூடும். டர்போ இல்லாத பழைய எஞ்சின்களில் இதே வேலையைச் செய்து ஐந்து சதவீதம் கூட்டுவதே பெரும்பாடு. டர்போ வந்த பிறகு இருபது சதவீதம் எளிதாகிவிட்டது. ஆகவே 310 என்பது கட்டுக்கதை அல்ல.

பாதி சரியான பகுதி, ‘எஞ்சின் ஒன்றுதான், கம்பெனி மென்பொருளால் கட்டிப் போட்டிருக்கிறது’ என்ற வாதம். இதற்கு ட்யூனர்கள் காட்டும் உதாரணம் வழக்கமாக பி.எம்.டபிள்யூ.வின் 320ஐ (320i), 330ஐ (330i) ஆகிய இரண்டு மாடல்களும்தான். இரண்டிலும் 1998 சி.சி. கொண்ட பி48 நான்கு சிலிண்டர் எஞ்சின்தான், ஒன்று 184 குதிரைத்திறன், மற்றது 250க்கு மேல். ஆனால் 2015இல் இந்த எஞ்சின் 3 சீரிஸுக்கு வந்தபோதே 320ஐ காரின் அமுக்க விகிதம் (சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு சுருக்கப்படுகிறது என்ற கணக்கு) 11:1 ஆகவும், 330ஐ காரின் அமுக்க விகிதம் 10.2:1 ஆகவும் இருந்தன. அதாவது அதிக பூஸ்ட் கொடுக்க வேண்டிய வகைக்குத் தயாரிப்பாளர் அமுக்கத்தையே குறைத்து வேறு பிஸ்டன் போட்டிருக்கிறார். ஆடியின் 2.0 டி.எஃப்.எஸ்.ஐ. எஞ்சினிலும் அப்படித்தான், 190 குதிரைத்திறன் வகை உள்ளிழுக்கும் வால்வைச் சீக்கிரம் மூடிச் சிக்கனம் தேடும் மில்லர் பாணிச் சுழற்சியில் இயங்குவது, அதிக சக்தி கொண்ட வகை வேறு பாணியில் இயங்குவது. தங்களுடையது ஏற்கெனவே அந்தக் குடும்பத்தின் வலுவான வகை. அதில் கட்டிப் போட்டு வைத்திருக்கும் மிச்சம் சிறிய வகையில் இருப்பதைவிடக் குறைவு. 490 நியூட்டன் மீட்டர் என்ற எண்ணையும் யோசித்துப் பாருங்கள். அதே ஷோரூமில் விற்கும் எம்340ஐ காரில் மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சினிலிருந்து தயாரிப்பாளர் எடுப்பது 500தான். அதை இரண்டு லிட்டர், நான்கு சிலிண்டரிலிருந்து எடுக்கிறோம் என்றால் ஒவ்வொரு சிலிண்டரும் தாங்கும் அழுத்தம் எவ்வளவு உயரும் என்று கணக்குப் போட அதிக நேரம் ஆகாது.

தயாரிப்பாளர் மிச்சம் விட்டு வைப்பது கஞ்சத்தனத்தால் அல்ல. ஒரே காரை நார்வேயின் பனியிலும், துபாயின் வெயிலிலும், தரம் குறைந்த பெட்ரோல் கிடைக்கும் ஊரிலும், நேரத்துக்கு ஆயில் மாற்றாத உரிமையாளர் கையிலும் விற்க வேண்டியிருக்கிறது. அந்த மிச்சம்தான் வாரண்டியின் அடித்தளம். ட்யூனர் எடுத்துச் செலவழிப்பது அதைத்தான். செலவழிக்கக் கூடாது என்றில்லை. தங்கள் பணம், தங்கள் கார். ஆனால் செலவழித்த பிறகு அது இருப்பதாகக் கணக்குக் காட்ட முடியாது.

இங்கேதான் நம் ஊர் நிலைமை முக்கியமாகிறது, தங்கள் அண்ணன் மகனின் அனுபவம் தங்களுக்கு ஏன் பொருந்தாது என்பதும் இதில் அடங்கும். மலேசியாவில் சாதாரண பங்க்கிலேயே ஆர்.ஓ.என். (பெட்ரோல் தானாக வெடிக்காமல் தாங்கும் திறனைக் காட்டும் ஆக்டேன் எண்) 95, 97 என்று இரண்டு வகை பெட்ரோல் கிடைக்கிறது. ட்யூன் செய்த கார் வைத்திருப்பவர்கள் 97க்குக் கீழே போடுவதில்லை. நம் நாட்டில் பி.எஸ். 6 சாதாரண பெட்ரோலின் அளவு 91. இருபது சதவீத எத்தனால் கலந்த பிறகு 95 வரை வருகிறது என்று அரசு கூறுகிறது. ஐ.ஓ.சி.யின் எக்ஸ்.பி.95 போன்றவை சிறு நகரங்களிலும் கிடைக்கலாம். 2020 டிசம்பரில் அறிமுகமான எக்ஸ்.பி.100 பெருநகர பங்க்குகளை நம்பி வந்த சரக்கு, தேவகோட்டைக்கும் பள்ளத்தூருக்கும் நடுவில் அதைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. 97க்கோ 98க்கோ எழுதிய அட்டவணையை 95இல் ஓட்டினால், பொறி வைத்த பின் தீ பரவி வந்து சேரும் முன்பே மீதிக் கலவை தானாக வெடிக்கிற நாக்கிங் தொடங்கும். நாக் சென்சார் அதைக் கேட்டுப் பொறி நேரத்தைப் பின்னுக்கு இழுக்கும். பெரும்பாலும் எஞ்சின் தப்பிக்கும், ஆனால் காசு கொடுத்து வாங்கிய குதிரைத்திறனில் ஒரு பகுதி அங்கேயே போய்விடும், வெளியேறும் புகையின் வெப்பம் கூடி டர்போவைச் சுடும்.

எத்தனாலைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது நாக்கிங்கைத் தடுக்க உதவும், உண்மை. ஆனால் ஒரே அளவு காற்றுக்கு எத்தனால் கலந்த பெட்ரோல் அதிகம் தேவைப்படும். தூய பெட்ரோலுக்கு ஒரு பங்கு எரிபொருளுக்கு 14.7 பங்கு காற்று என்றால், தூய எத்தனாலுக்கு 9 பங்குதான். எனவே உயர் அழுத்த பம்ப்பும் இன்ஜெக்டர்களும் கூடுதலாக உழைக்க வேண்டும், அதுவும் ட்யூன் செய்து ஏற்கெனவே எல்லைக்கு அருகில் ஓடும்போது. ஐரோப்பாவில் ஐந்து அல்லது பத்து சதவீத எத்தனாலுக்கு எழுதி, இங்கே விற்கப்படும் ‘ஃபைல்’ இதைக் கணக்கில் எடுத்திருக்கிறதா என்று ட்யூனரிடம் கேளுங்கள். பதிலிலிருந்தே ஆளை எடை போட்டுவிடலாம். செட்டிநாட்டுக்கே உரிய இன்னொரு தொல்லையும் உண்டு. குடும்பம் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்க, கானாடுகாத்தான் வீட்டு ஷெட்டில் கார் இரண்டு மூன்று மாதம் உறையைப் போர்த்திக்கொண்டு நிற்பது வழக்கம். கல்யாணத்துக்கு வந்திறங்கியவர்கள் பேட்டரியைச் சார்ஜ் செய்துகொண்டு நேரே மதுரைச் சாலையில் ஏற்றி மிதிப்பார்கள். எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். டேங்கில் நாட்பட நின்ற பெட்ரோல் புதுப் பெட்ரோலைப் போல எரியாது. கம்பெனி மென்பொருள் இதைத் தாங்கும்படி எழுதப்பட்டது, மிச்சத்தைத் தின்ற மென்பொருளுக்கு அந்தப் பொறுமை இருக்காது.

வெயிலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மே மாதத்தில் காரைக்குடியில் நாற்பது டிகிரியைத் தொடும்போது டர்போவுக்குள் நுழையும் காற்றே சூடானது. அதை மேலும் அழுத்தினால் மேலும் சூடாகும். சக்தியை அளக்கும் டைனோ அறையில், டிசம்பர் மாதக் கோயம்புத்தூர்க் காலையில், பெரிய மின்விசிறியை முன்னால் வைத்து எடுத்த 310 என்ற எண்ணை, திருப்பத்தூர் தாண்டி மேலூர் நோக்கிப் போகும் நாலு வழிச் சாலையில் பகல் இரண்டு மணிக்கு எதிர்பார்க்காதீர்கள்.

இவற்றைவிட எனக்கு அதிகக் கவலை தருவது, குறைந்த ஆர்.பி.எம்.மில் முறுக்குவிசையை ஏற்றும் பழக்கம். ட்யூனர்கள் இதைச் செய்வதற்குக் காரணம் உண்டு: 1,800 ஆர்.பி.எம்.மிலேயே முதுகு இருக்கையில் ஒட்டினால் வாடிக்கையாளர் மகிழ்ந்து போகிறார். ஆனால் நேரடி இன்ஜெக்‌ஷன் டர்போ எஞ்சின்களில் அந்த இடத்தில்தான், குறைந்த வேகமும் அதிகச் சுமையும் சேரும்போது, சிலிண்டர் சுவரிலிருந்து சிதறும் ஆயிலும் பெட்ரோலும் கலந்த துளி பொறிக்கு முன்பே தீப்பிடித்து, சாதாரண நாக்கிங்கைவிடப் பல மடங்கு வலுவான அழுத்தத்தை உண்டாக்கும். எல்.எஸ்.பி.ஐ. என்று எஞ்சினியர்கள் சொல்வது இதைத்தான். ஒன்றிரண்டு முறை நடந்தாலே பிஸ்டனின் வளையங்களுக்கு இடைப்பட்ட பகுதி உடைந்துவிடக்கூடும். நாக் சென்சார் கேட்டு முடிப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். 2020 மே மாதம் அமலுக்கு வந்த, அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பான ஏ.பி.ஐ.யின் எஸ்.பி. என்ற ஆயில் தரம் இதற்கென்றே சோதனை வைத்தது என்பதிலிருந்து, இது தொழிலே அஞ்சிய விஷயம் என்று புரியும். சர்வீஸ் சென்டரில் பிஸ்டனைக் கழற்றிப் பார்க்கிறவர் இந்த உடைவைக் கண்டவுடன் அடுத்துச் செய்வது ஈ.சி.யூ.வைப் படிப்பதுதான்.

அண்ணன் மகன் அனுப்பிய பெட்டி, தொழிலில் பிக்கிபேக் எனப்படுவது. அது ஈ.சி.யூ.வுக்குள் நுழைவதில்லை. பூஸ்ட் சென்சாருக்கும் ஈ.சி.யூ.வுக்கும் இடையில் மாட்டப்பட்டு, உண்மையில் உள்ளதைவிடக் குறைந்த அழுத்தத்தைக் காட்டுகிறது. ‘போதவில்லையே’ என்று ஈ.சி.யூ. டர்போவை மேலும் விரட்டுகிறது. மாட்டுவதும் கழற்றுவதும் எளிது என்பதால் இதுவே பாதுகாப்பானது என்று பலர் நம்புகிறார்கள். கியர்பாக்ஸின் பக்கத்திலிருந்து பார்த்தால் இதுதான் மோசமானது. இந்தக் கார்களின் எட்டு கியர் இசட்.எஃப். ஆட்டோமேட்டிக்கில், உள்ளே இருக்கும் கிளட்ச்களை எவ்வளவு அழுத்தத்தில் பிடித்துக்கொள்வது என்பதை, எஞ்சின் தரும் முறுக்குவிசை எவ்வளவு என்று ஈ.சி.யூ. சொல்லும் கணக்கை வைத்தே கியர்பாக்ஸ் கணினி முடிவு செய்கிறது. ஈ.சி.யூ.வே ஏமாந்திருந்தால் கியர்பாக்ஸுக்கும் தவறான கணக்குத்தான் போகும். 400க்கென்று பிடித்த கிளட்ச்சில் 480 வந்து மோதினால் கிளட்ச் நுண்ணிய அளவில் வழுக்கும், சூடாகும், தேயும். ஒரே நாளில் தெரியாது. ஐம்பதாயிரம் கிலோமீட்டரில் கியர் மாறும்போது ஒரு உதறலாக வெளிப்படும். சரியாக எழுதப்பட்ட ரீமேப்பில் முறுக்குவிசைக் கணக்கும் திருத்தப்படும் என்பதால், இந்த ஒரு விஷயத்தில் பெட்டியைவிட ரீமேப்பே நேர்மையானது. ஆனால் வாரண்டியைப் பற்றிய கேள்வியில் இரண்டுக்கும் ஒரே பதில்தான்.

இனி, ‘கம்பெனிக்குத் தெரியாது’ என்ற உறுதிமொழி. இதை நம்பித்தான் பெரும்பாலோர் துணிகிறார்கள், ஆகவே நிதானமாகப் பார்ப்போம். பழைய மென்பொருளைத் திரும்ப ஏற்றினால் அட்டவணைகள் பழையபடி ஆகிவிடும், உண்மை. ஆனால் ஈ.சி.யூ. தன் பேரேட்டில் எத்தனை முறை எழுதப்பட்டது என்றொரு எண்ணிக்கையும் வைத்திருக்கிறது. கம்பெனி சர்வரில் உள்ள சர்வீஸ் பதிவில் மூன்று முறை, காரில் ஐந்து முறை என்றிருந்தால் நடுவில் இருந்த இரண்டு பற்று யாருடையது என்று கேட்பார்கள். மென்பொருளின் ஒவ்வொரு பதிப்புக்கும் அதிலிருந்தே கணக்கிடப்படும் சரிபார்ப்பு எண் உண்டு. ட்யூன் ஏற்றிய நிலையில் ஒரே ஒரு முறை, ஏதோ பஞ்சரோ சென்சார் எச்சரிக்கையோ என்று அவசரத்துக்கு சர்வீஸ் சென்டருக்குப் போய், அங்கே கண்டறியும் கருவியை மாட்டிவிட்டால் போதும், வேறுபாடு பதிவாகிவிடும். ஃபோக்ஸ்வாகன் குழுமத்தில், அதாவது ஆடி, ஸ்கோடா உட்பட, இப்படிக் கண்டுபிடிக்கப்படும் கார்களின் சேஸிஸ் எண்ணுக்கு டி.டி.1 என்ற குறியீடு போடுகிறார்கள். அது அந்த ஒரு டீலரோடு நிற்பதில்லை. பி.எம்.டபிள்யூ.வில் 2020 நடுப்பகுதிக்குப் பிறகு தயாரான பல கார்களின் ஈ.சி.யூ. பூட்டப்பட்டிருப்பதால், ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள ஓ.பி.டி. சாக்கெட்டில் வயரை மாட்டி எழுதிவிட முடியாது. முதலில் அதை வெளியே எடுத்துப் பூட்டைத் திறக்க வேண்டும். கழற்றிய ஸ்க்ரூவும் பெயர்த்த சீலும் கண்ணுள்ள எவருக்கும் தெரியும்.

பெட்டியைக் கழற்றிவிட்டுப் போனாலும் இதே கதைதான். எஞ்சினில் கோளாறு நேர்ந்த கணத்தில் சுமை எவ்வளவு, அழுத்தம் எவ்வளவு, காற்றின் வெப்பம் எவ்வளவு என்ற உறைநிலைப் பதிவு கோளாறு எண்ணோடு சேர்ந்து நிற்கும். நான்கு சென்சார்களில் ஒன்று மட்டும் பொய் சொன்னால் மற்ற மூன்றோடு அது பொருந்தாது என்பதைக் கண்டுபிடிக்க மேதை தேவையில்லை. போதாக்குறைக்கு இன்றைய கார்களில் சிம் இருக்கிறது; சில விவரங்கள் கார் சர்வீஸுக்குப் போகாமலேயே போய்ச் சேர்ந்துகொண்டிருக்கின்றன. சாதாரண ஆயில் சர்வீஸில் யாரும் இதையெல்லாம் துருவிப் பார்ப்பதில்லை, ஆகவே ‘இரண்டு சர்வீஸ் முடிந்தது, கண்டுபிடிக்கவில்லை’ என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. பார்ப்பது எப்போது என்றால், பல லட்ச ரூபாய்க் கோரிக்கை தயாரிப்பாளரின் மேசைக்குப் போகும்போது.

சிறிய ஆனால் எரிச்சலூட்டும் இன்னொன்று: சர்வீஸில் புதிய மென்பொருள் வந்திருந்தால் கேட்காமலேயே ஏற்றிவிடுவார்கள். ட்யூன் அழிந்து போகும். திரும்ப ஏற்ற கோயம்புத்தூர் வரை போக வேண்டும், எண்ணிக்கை மேலும் இரண்டு கூடும்.

வாரண்டி என்பது என்ன? அது ஓர் ஒப்பந்தம். அதன் சட்டம் தங்கள் கையில் இருக்கும் வாரண்டிப் புத்தகம்தான். அங்கீகரிக்கப்படாத மாற்றங்களால் விளைந்த பழுதுக்குப் பொறுப்பில்லை என்ற வாசகம் எல்லாத் தயாரிப்பாளரிடமும் ஏதோ ஒரு வடிவில் இருக்கும். ‘விளைந்த’ என்ற சொல்லில்தான் தங்களுக்குச் சாதகமான இடமும் உள்ளது. ரீமேப் செய்த காரில் சன்ரூஃப் மோட்டாரோ, ஏ.சி.யோ, கதவுப் பூட்டோ பழுதானால் அதை மறுப்பதற்கு நியாயம் இல்லை. அதை வலியுறுத்திக் கேட்கலாம். எஞ்சின், டர்போ, கியர்பாக்ஸ், டிரைவ் ஷாஃப்ட், டிஃபரன்ஷியல் ஆகியவற்றில் அந்த வாதம் எடுபடாது. காசு கொடுத்து நீட்டித்த வாரண்டி என்றால் இன்னும் கடினம். அதன் நிபந்தனைகள் அடிப்படை வாரண்டியைவிடக் குறுகலாக இருப்பதே வழக்கம், ஆகவே தனியாக எடுத்துப் படியுங்கள். குறை உள்ள கார்களைத் திரும்ப அழைத்துச் சரிசெய்யும் பாதுகாப்பு ரீகால் மட்டும் வாரண்டியோடு சம்பந்தப்பட்டதல்ல. 2019 திருத்தத்துக்குப் பின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவே அதற்கு இருக்கிறது.

‘பழுதுக்குக் காரணம் ட்யூனிங்தான் என்று கம்பெனிதான் நிரூபிக்க வேண்டும், இல்லாவிட்டால் தர வேண்டும்’ என்று இணையத்தில் படித்திருப்பீர்கள். அது அமெரிக்காவின் 1975ஆம் ஆண்டு மேக்னசன்–மாஸ் வாரண்டிச் சட்டத்தை வைத்துச் சொல்வது. அங்கேயும் அதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் பிரிவின் நோக்கம், எங்கள் பிராண்ட் உதிரிபாகத்தை மட்டுமே போட வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதைத் தடுப்பதுதான். நம் நாட்டில் அதற்கு இணையான தனிச் சட்டம் இல்லை. நமக்கு இருப்பது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். அதில் காரில் உற்பத்திக் குறை இருக்கிறது என்று புகார் செய்பவர்தான் நிபுணர் அறிக்கையோடு காட்ட வேண்டியிருக்கும். பொருளால் ஏற்பட்ட தீங்குக்கு இழப்பீடு கேட்கும் பகுதியிலோ, தீங்கு நேர்ந்தபோது பொருள் மாற்றப்பட்டிருந்தால் விற்றவர் மீது வழக்குத் தொடுக்க முடியாது என்று 87ஆம் பிரிவு நேராகவே சொல்கிறது. வழக்கைச் சிவகங்கையிலேயே போட்டுவிடலாம் என்றும் எண்ண வேண்டாம். 2021இல் வந்த விதிகளின்படி, கொடுத்த விலை ஐம்பது லட்சத்தைத் தாண்டினால் மாவட்ட ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை, மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். காலவரம்பு இரண்டு ஆண்டு. நம் பக்கத்தில் பல கார்கள் நிறுவனத்தின் பெயரில் வாங்கப்படுகின்றன; அதனாலேயே ‘வணிக நோக்கம்’ என்று தள்ளிவிட முடியாது, இயக்குநரின் சொந்தப் பயன்பாட்டுக்கு வாங்கியது அந்த வகையில் வராது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் ஒரு சொகுசுக் கார் வழக்கில் கூறியிருப்பது நல்ல செய்தி. ஆனால் அந்த நல்ல செய்தி வழக்கின் வாசல் வரைதான் கொண்டுபோய் விடும். உள்ளே போனதும் ஈ.சி.யூ. பதிவு காத்திருக்கும்.

இன்சூரன்ஸ் இந்த ஓட்டையை அடைக்காது. மோட்டார் பாலிசியில் இயந்திரப் பழுது என்பதே விலக்கு. ‘எஞ்சின் புரொடெக்ட்’ என்று கூடுதல் பிரீமியம் கட்டியிருந்தாலும் அது மழைநீர் புகுந்து எஞ்சின் கெடுவது போன்றவற்றுக்கானது. விபத்துக் கோரிக்கையில் மட்டும் ஒன்று கவனிக்க வேண்டும்: காரில் செய்த மாற்றத்தைச் சொல்லாமல் விட்டால், பின்னால் சர்வேயர் கண்டுபிடிக்கும்போது அது ஒரு சாக்காகும். எழுத்து மூலம் தெரிவித்துவிடுவதே முறை.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து ஆர்.சி. விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது; ஆர்.சி.யில் குதிரைத்திறன் பதிவாகியிருந்தால் ரீமேப் இதற்குள் வரும் என்று வாதிட முடியும். 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மென்பொருளுக்காக யாரையும் சாலையில் நிறுத்திப் பார்த்ததில்லை என்பது வேறு. ஸ்டேஜ் 2 என்று சொல்லி, புகையைச் சுத்தப்படுத்தும் கேடலிட்டிக் கன்வர்ட்டரைக் கழற்றச் சொன்னால் மட்டும் பேச்சையே நிறுத்திவிடுங்கள். 2023 ஏப்ரலில் வந்த பி.எஸ். 6 இரண்டாம் கட்டம் சாலையில் ஓடும்போதே மாசை அளக்கும் விதியைக் கொண்டுவந்தது, அதைக் கழற்றிய கார் எந்தக் கணக்கிலும் சட்டத்துக்குள் வராது. பி.யு.சி. சோதனையில் தேறிவிட்டது என்பது பதில் ஆகாது.

வாரண்டியும் போகாமல் சக்தியும் கூட வேண்டும் என்றால், தயாரிப்பாளரே ஒப்புதல் தந்த மென்பொருளாக இருக்க வேண்டும். வோல்வோ தன் கார்களுக்குப் போல்ஸ்டார் பெயரில் அப்படி விற்றது, வாரண்டியும் தொடர்ந்தது. தங்கள் மாடலுக்கு அப்படி ஏதும் உண்டா என்று டீலரிடம் எழுத்தில் கேளுங்கள். ‘எங்களுக்குத் தெரிந்த ஆள் இருக்கிறார், செய்து தருகிறோம்’ என்று சர்வீஸ் அட்வைசர் காதோடு சொல்வது தயாரிப்பாளரின் ஒப்புதல் ஆகாது; அவர் அடுத்த மாதம் வேறு ஷோரூமில் இருப்பார்.

வாரண்டி முடிந்த பிறகும் ஆசை தீரவில்லை என்றால் தாராளமாகச் செய்யுங்கள், அதில் நான் குறுக்கே வர மாட்டேன். ஆனால் அதற்கு முன் சிலிண்டர்களின் அழுத்தச் சோதனை எடுத்து எஞ்சினின் அன்றைய நிலையைப் பதிவு செய்துகொள்ளுங்கள். ட்யூனரிடம் உச்சக் குதிரைத்திறனைக் குறைத்துப் பேசுவதைவிட, 2,500 ஆர்.பி.எம்.முக்குக் கீழே முறுக்குவிசையை அளவோடு வைக்கச் சொல்லுங்கள். டைனோ தாள் மட்டும் போதாது. நம் ஊர் பங்க் பெட்ரோலில், நம் ஊர் வெயிலில், சாலையில் எடுத்த பதிவு வேண்டும், அதில் ஒவ்வொரு சிலிண்டரிலும் பொறி நேரம் எவ்வளவு பின்னுக்கு இழுக்கப்பட்டது, உள்ளே போகும் காற்றின் வெப்பம், உயர் அழுத்த பம்ப்பின் அழுத்தம் ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். இதைத் தர மறுக்கிறவர் எவ்வளவு பெயர் பெற்றவராக இருந்தாலும் விட்டுவிடுங்கள். ஆயிலை, கார் திரையில் காட்டும் இடைவெளியில் பாதியிலேயே மாற்றுங்கள். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில் ‘ஆயுளுக்கும் போதும்’ என்று சொன்னாலும், அதைத் தயாரித்த இசட்.எஃப். நிறுவனம் எண்பதாயிரத்திலிருந்து ஒரு லட்சத்து இருபதாயிரம் கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. ட்யூன் செய்த காரில் முதல் எண்ணையே வைத்துக்கொள்ளுங்கள். ரசீதை ஜி.எஸ்.டி.யோடு வாங்குங்கள். காரை விற்கும்போது வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள்.

வீட்டில் இருக்கும் பெட்டியை மாட்ட வேண்டாம். ஏற்கெனவே மாட்டி ஓட்டியிருந்தால் இன்றே கழற்றிவிட்டு, கோளாறு எண்கள் ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்று வெளியில் ஒரு நல்ல மெக்கானிக்கிடம் ஸ்கேனர் மாட்டிப் பார்த்து, இருந்தால் அந்தத் தாளை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அழிக்கச் சொல்லாதீர்கள். அடுத்த சர்வீஸில் கியர் மாற்றத்தில் உதறல் இருக்கிறதா, குளிர்ந்த எஞ்சினில் தட்டும் ஓசை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். அவர்கள் பெட்டியைப் பற்றி நேரடியாகக் கேட்டால் ஆம் என்று சொல்லிவிடுங்கள். மறுத்துவிட்டு, பிறகு பதிவில் தெரிந்தால், நியாயமாகக் கிடைக்க வேண்டிய ஏ.சி.க்கும் சன்ரூஃபுக்கும்கூடத் தங்கள் பேச்சுக்கு மதிப்பு இருக்காது.